ரத்தக் கொழுப்பும் வைட்டமின் ஈயும்: ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 17 வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வெறும் வயிற்றோடு நாலைந்து பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். காசிமேட்டில் ஏலம் முடிந்து நேராக வருபவர்கள், துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள், திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து வரும் பெரியவர்கள். பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் டெஸ்ட்தான். ரிப்போர்ட் வாங்கும்போது பலர் சட்டைப் பையிலிருந்தோ பர்ஸிலிருந்தோ பச்சை நிறக் குளிகை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, "இத போட்டா ரத்தத்துல கொழுப்பு கெடாதாமே, நெஜமா?" என்று கேட்பார்கள். அது வைட்டமின் ஈ.

ஒருவர் இதை நம்பி, டாக்டர் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை எட்டு மாதம் நிறுத்திவிட்டு வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்குத்தான் இந்தக் கேள்விகளை நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன். நான் டாக்டர் இல்லை, உயிர்வேதியியல் படித்தவள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ரத்தத்துல கொழுப்புன்றீங்களே, எண்ணெய் மாதிரி மிதக்குமாக்கா?

மிதக்காது. ரத்தம் பெரும்பாலும் தண்ணீர், கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் உடம்பு அதைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. உள்ளே கொழுப்பு, வெளியே புரதமும் தண்ணீரோடு ஒத்துப்போகும் வேறொரு கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை. ரிப்போர்ட்டில் வரும் எல்.டி.எல்., எச்.டி.எல்., வி.எல்.டி.எல். எல்லாம் இந்த உருண்டைகளின் வகைகள்தான்.

ராத்திரி பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெறும் வயிறு என்று பொய் சொல்லி வருபவர்களின் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் சில சமயம் மேலே நிற்கும் சீரம் தெளிவாக இருக்காது, கஞ்சித்தண்ணி போல் வெள்ளையாக இருக்கும். சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமந்து வரும் பெரிய உருண்டைகள் அவை. எல்.டி.எல். உருண்டை அதைவிட மிகச் சிறியது, குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வரிசையாக அடுக்க நாற்பதாயிரத்துக்கு மேல் வேண்டும்.

கொழுப்பு கெடும்னா எப்படி? ரத்தத்துக்குள்ள போய் ஊசிப்போகுமா?

ரொம்ப நாள் திறந்துவைத்த எண்ணெயில் ஒரு சிக்கு வாடை வரும். சரியாகக் காயாத கருவாட்டில் மஞ்சளாக எண்ணெய் கசிந்து தொண்டையைக் காறும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு சேர்ந்து அதை உடைக்கிறது. இதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம். எல்லாக் கொழுப்பும் ஒரே மாதிரி இதற்கு ஆளாவதில்லை. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் கெடும். தேங்காய் எண்ணெயில் அவை மிகக் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலத்தில் 2. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகைகளில் 5, 6 வரை.

இதில் பயப்பட வேண்டியது தொடர்வினை. எங்கள் பக்கம் குடிசை வரிசையில் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு கூரை எரிந்தால் அது அடுத்ததைப் பற்றவைக்கும், அது அதற்கடுத்ததை. கொழுப்பிலும் அப்படித்தான். ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் ஒரு மூலக்கூறு கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பிடுங்கப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் ஒட்டி, பெராக்ஸில் என்ற இன்னொரு ராடிக்கல் உருவாகிறது. அது பக்கத்துக் கொழுப்பிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. யாராவது நடுவில் நிறுத்தாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, அதுல வைட்டமின் ஈ இன்னா பண்ணுது?

இரண்டு குடிசைக்கு நடுவே ஈரச் சாக்கைப் போட்டு நிறுத்துவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் ஈ கொழுப்பில் கரைவது. அதனால் எல்.டி.எல். உருண்டைக்குள்ளேயே, தீப்பிடிக்கும் இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. பெராக்ஸில் ராடிக்கல் பக்கத்துக் கொழுப்பைத் தொடுவதற்கு முன் வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடுகிறது. கொழுப்போடு சேர்வதைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வேகத்தில் அந்த ராடிக்கல் வைட்டமின் ஈயோடு சேர்கிறது. அதனால்தான் இவ்வளவு கொஞ்சம் இருந்தும் வேலை நடக்கிறது.

எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு எல்.டி.எல். உருண்டையில் சுமார் 2,700 கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன, அதில் ஏறக்குறைய பாதி எளிதில் கெடும் வகை. காவலுக்கு நிற்கும் வைட்டமின் ஈ மூலக்கூறுகள் சராசரியாக ஆறே ஆறு. ஒரு மூலக்கூறு இரண்டு ராடிக்கல்களை அணைக்கும்.

ஹைட்ரஜனைக் கொடுத்த வைட்டமின் ஈ காய்ந்த சாக்குபோல ஆகிவிடும். அதை மறுபடி நனைத்துக் கொடுப்பது வைட்டமின் சி. அது தண்ணீரில் கரைவது, உருண்டையின் விளிம்பில் வந்து தன் ஹைட்ரஜனைத் தந்து வைட்டமின் ஈயைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த ஈரச் சாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கேள்விக்கு மறுபடி வேண்டும்.

இதெல்லாம் கண்ணால பார்த்தாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?

பார்த்தார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் எஸ்டர்பாவர் குழுவினர் 1980களின் கடைசியில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை மட்டும் பிரித்து, அதில் துளி செம்பு உப்பைச் சேர்த்தார்கள். செம்பு தீ மூட்டும். கொழுப்பு கெடத் தொடங்கினால் 234 நானோமீட்டர் ஒளியை அதிகமாக உறிஞ்சும், கருவியில் கோடு மேலே ஏறும்.

கோடு உடனே ஏறவில்லை. கொஞ்ச நேரம் ஏறக்குறைய தட்டையாகப் போனது. அந்த நேரத்தில் வைட்டமின் ஈ செலவாகிக்கொண்டிருந்தது. அது தீர்ந்த பிறகு கோடு சரசரவென்று ஏறியது. வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டவர்களின் எல்.டி.எல்.லில் இந்தத் தட்டையான நேரம் நீண்டது. ஆக, உங்கள் கேள்விக்குக் குழாய்க்குள் கிடைத்த பதில், 'ஆமாம், தடுக்கிறது'. உடம்புக்குள் என்ன ஆகிறது என்பது தனிக் கதை.

இது புள்ள பொறக்கக் குடுக்கற மாத்திரைன்னு எங்க மாமியார் சொன்னாங்களே?

பெயரில் அந்தக் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1922-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் எலிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சத்து இல்லாத தீனி தின்ற எலிகளுக்குக் கரு தங்கவில்லை. அதனால் பிள்ளைப்பேறைத் தாங்குவது என்று பொருள் வரும் கிரேக்கச் சொற்களிலிருந்து டோகோஃபெரால் என்று பெயர் வைத்தார்கள். எலிக்குச் சரி. மனிதர்களுக்கு இது குழந்தைப்பேறு மருந்து என்று நினைத்து வாங்க வேண்டாம்.

வைட்டமின் ஈன்னா ஒண்ணுதானே?

எட்டு. நாலு டோகோஃபெரால், நாலு டோகோட்ரையீனால், ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. குடல் எல்லாவற்றையும் உறிஞ்சும். ஆனால் கல்லீரலில் ஒரு புரதம் இருக்கிறது, அது ஆல்ஃபா டோகோஃபெராலை மட்டும் பொறுக்கியெடுத்து ரத்தத்துக்கு அனுப்பும், மற்றவற்றில் பெரும்பகுதி கழிந்துவிடும். ரத்தத்தில் கொழுப்பைக் காப்பது பெரும்பாலும் ஆல்ஃபா என்பது இதனால்தான். உறிஞ்சப்படக் கொழுப்பும் பித்தநீரும் வேண்டும், வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் பாதிகூட உள்ளே போகாமல் போகலாம்.

என் ரிப்போர்ட்ல கொழுப்பு கெட்டிருக்கா இல்லையான்னு எந்த வரியில பாக்கணும்?

எந்த வரியிலும் இல்லை. லிப்பிட் ப்ரொஃபைல் எனும் கொலஸ்ட்ரால் டெஸ்ட் சொல்வது எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை. கெட்டிருக்கிறதா என்பதை அது பார்ப்பதே இல்லை.

தனி டெஸ்ட்கள் இருக்கின்றன, ஆனால் ஆராய்ச்சிக்கானவை. பழையது ஒன்று, கொழுப்பு உடையும்போது வரும் மாலோன்டைஆல்டிஹைடை அளப்பது. மருந்து சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். கல்லூரியில் நானும் செய்திருக்கிறேன். சர்க்கரை போன்ற வேறு பொருள்களும் அதே நிறத்தைக் கொடுப்பதால் அதை வைத்து ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம்பகமானது ஐசோப்ரோஸ்டேன் அளவு. 1990-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மாரோ, ஜாக்சன் ராபர்ட்ஸ் குழுவினர் கண்டுபிடித்தது. கொழுப்பு ராடிக்கலால் கெடும்போது உடம்பிலேயே உருவாகும் பொருள், சிறுநீரிலும் அளக்கலாம். விலையுயர்ந்த கருவி வேண்டும். தெருவோரக் கடையில் "ஆக்ஸிடேஷன் டெஸ்ட்" என்று விரலை வைக்கச் சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாத்திரை போட்டா ரத்தத்துல ஏறுமா? எவ்ளோ போட்டா போதும்?

ஏறும், ஆனால் கூரை இருக்கிறது. எவ்வளவு விழுங்கினாலும் ரத்த அளவு இரண்டு, மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகப் போவதில்லை. மேலே சொன்ன கல்லீரல் புரதத்துக்கும் ஒரு எல்லை உண்டு, மிஞ்சியதை உடம்பு உடைத்து வெளியேற்றிவிடும்.

அளவு பற்றி மூன்று ஆய்வுகள் முக்கியம். 1995-ல் ஜியாலால் குழுவினர் தினம் 60 முதல் 1200 யூனிட் (வைட்டமினை அளக்கும் தனி அளவு, மில்லிகிராம் அல்ல) வரை கொடுத்துப் பார்த்தார்கள். குழாயில் அளந்த எல்.டி.எல். பாதுகாப்பு கூடியது தினம் 400 யூனிட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். 2001-ல் ஆரோக்கியமானவர்களுக்கு 200 முதல் 2000 யூனிட் வரை எட்டு வாரம் கொடுத்து ஐசோப்ரோஸ்டேனை அளந்தபோது எந்த மாற்றமும் இல்லை. 2007-ல் ராபர்ட்ஸ் குழுவினர், கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரம் கொடுத்தபோது, தினம் 1600 யூனிட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குத்தான் ஐசோப்ரோஸ்டேன் தெளிவாகக் குறைந்தது. குழாய் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. அட்டையில் 400 என்று போட்டிருக்கும் குளிகை ஒரு நாள் தேவையான 15 மில்லிகிராமுக்குப் பத்து மடங்குக்கும் மேல். அதுகூட ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் கொழுப்பு கெடுவதை அளந்து காட்டும்படி குறைக்கவில்லை.

அப்போ ஹார்ட் அட்டாக் வராம தடுக்குமா தடுக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுக்கா.

தடுக்கவில்லை. ஆனால் ஒரே வார்த்தையோடு விட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஒரு காலத்தில் நல்ல நல்ல விஞ்ஞானிகளே தடுக்கும் என்று நினைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து அங்கே கெட்டுப்போனால், அதை வெள்ளையணுக்கள் விழுங்கி விழுங்கி நுரைபோல் வீங்கும், அடைப்பு தொடங்கும் என்று 1989-ல் ஸ்டைன்பெர்க் குழுவினர் எழுதினார்கள். 1993-ல் அமெரிக்காவில் நர்சுகளிடமும் ஆண் மருத்துவத் துறையினரிடமும் எடுத்த இரண்டு பெரிய கணக்கெடுப்புகளில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. 1996-ல் கேம்பிரிட்ஜில் 2,002 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், உயிர் போகாத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் சாவு குறையவில்லை. மருந்துக் கடைகளில் குளிகை பறந்தது.

அப்புறம் பெரிய சோதனைகள் வந்தன. மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேரிடம் இத்தாலியில் நடந்த சோதனை 1999-ல் வந்தது, தெளிவான பலன் இல்லை. 2000-ல் வந்த ஹோப் சோதனையில் 9,541 பேர், தினம் 400 யூனிட், சராசரியாக நாலரை வருடம். நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப். மாத்திரை எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வித்தியாசம் இல்லை. அதையே நீட்டிப் பார்த்து 2005-ல் சொன்னபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயம் பலவீனமாவது கொஞ்சம் கூடியிருந்தது. அதே வருடம் 39,876 பெண்களிடம் பத்து வருடம் நடந்த சோதனையும் வந்தது. இதய நோயால் இறந்தவர்கள் குறைவு, ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ மொத்தமாகக் குறையவில்லை, மொத்தச் சாவும் குறையவில்லை.

அப்போ முன்னாடி சொன்னது பொய்யா?

பொய் இல்லை. 1993-ல் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். காசு கொடுத்து வைட்டமின் வாங்குபவர் நடைப்பயிற்சியும் போவார், புகையும் பிடிக்க மாட்டார். எதனால் நன்றாக இருந்தார் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யும் சோதனையில்தான் அது தெரியும்.

இன்னொரு காரணம், கொழுப்பு எங்கே கெடுகிறது என்பது. ஓடும் ரத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், ஆல்புமின் என்று காவல் நிறைய. கெடுவது பெரும்பாலும் குழாய்ச் சுவருக்குள் சிக்கிக்கொண்ட எல்.டி.எல். அங்கே வெள்ளையணுக்கள் உருவாக்கும் சில பொருள்கள், வைட்டமின் ஈ அணைக்கத் தெரியாத வழியில் கெடுக்கின்றன. சோதனைக்கு வந்தவர்கள் பலருக்கு முப்பது நாற்பது வருட அடைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆக, ஈரச் சாக்கு வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், சாக்கு போட்ட இடத்தைத் தாண்டித் தீ போயிருந்தது.

நல்லது பண்ணாட்டியும் கெட்டது பண்ணாதுல்ல? வைட்டமின்தானே!

இதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம், அதிகம் கவலைப்படுவதும் இதைக் கேட்டுத்தான். முதலில் ஒரு ரசாயன விஷயம். ஹைட்ரஜனைக் கொடுத்து முடித்த வைட்டமின் ஈ தானே ஒரு மெல்லிய ராடிக்கல். வைட்டமின் சி பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சரியாகிவிடும். இல்லாவிட்டால் அதே உருண்டைக்குள் அடைபட்டு அதுவே மெதுவாகக் கொழுப்பைத் தாக்கும். காய்ந்த சாக்கும் எரியும் அல்லவா? 1990களில் போவ்ரி, ஸ்டாக்கர் இருவரும் இதைக் குழாயில் காட்டினார்கள். எனவே ஒரே சத்தைத் தனியாக அள்ளிப் போடுவது, கூட இருக்க வேண்டியவர்களை விட்டுவிடுவதுதான்.

அடுத்து உடம்பு. அதிக அளவு வைட்டமின் ஈ, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையில் குறுக்கிடும். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூளையில் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதம் கொஞ்சம் கூடியிருந்தது. 35,533 ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரிந்தது. அது நல்லது செய்யும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தச் சோதனையைத் தொடங்கினார்கள்.

நான் வார்ஃபரின் போடறேன். கூட இதையும் போடலாமா?

டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் வைட்டமின் கே-யின் வழியைத் தடுப்பதுதான், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்களும் சொல்லிவிடுங்கள். அறுவைச் சிகிச்சை இருந்தால் இந்தக் குளிகையையும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள். "அது வைட்டமின்தானே" என்று பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. இத போட்டா ஈடு ஆகுமா?

ஆகாது, தம்பி. ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயது வரை உள்ள 29,133 ஆண் புகைப்பவர்களுக்குத் தினம் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், இரண்டும், அல்லது வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்து 1994-ல் முடிவு சொன்னார்கள். வைட்டமின் ஈ நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கவில்லை. பீட்டா கரோட்டின் அதைக் கூட்டியது.

புகைப்பவர்களின் ரத்தத்தில் ஐசோப்ரோஸ்டேன் அதிகம், அதாவது கொழுப்பு உண்மையிலேயே கூடுதலாகக் கெடுகிறது. வைட்டமின் ஈயும் வேகமாகச் செலவாகிறது. ஆனால் அதே ஐசோப்ரோஸ்டேன், புகையை விட்ட இரண்டு வாரத்திலேயே நன்றாகக் குறைந்ததை மாரோ குழுவினர் 1995-ல் காட்டினார்கள். மேலே பார்த்தோமே, மாத்திரையில் அதைக் குறைக்க 1600 யூனிட்டும் 16 வாரமும் தேவைப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் பீடி குடிப்பவர்களிடம் பேசுகிறேன். விடக் கஷ்டமாக இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனை மாதிரி அரசு மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ரேஷன் பாமாயில்தான் ஊத்தறோம். அதுல வைட்டமின் ஈ இருக்கா, இல்ல செக்கு எண்ணெய்தான் வாங்கணுமா?

25 ரூபாய் ரேஷன் பாமாயிலைத் தாழ்வாக நினைக்காதீர்கள். 100 கிராமில் சுமார் 16 மில்லிகிராம் ஆல்ஃபா டோகோஃபெரால் இருக்கிறது, கடலை எண்ணெயும் கிட்டத்தட்ட அதே அளவு. சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 41. நல்லெண்ணெயில் ஆல்ஃபா ஒன்றரைதான், காமா வகை அதிகம், கூடவே செசமால், செசமின் என்ற வேறு காவலர்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பாமாயிலில் கெட்டிக் கொழுப்பு அதிகம், எல்.டி.எல். கூடுமென்பதால் அளவாக ஊற்றுங்கள் என்பது தனி விஷயம்.

எண்ணெய் எளிதில் கெடும் வகையாக இருந்தால் கூடவே வைட்டமின் ஈயும் அதிகம் வேண்டும். சூரியகாந்தியில் இரண்டும் இருக்கிறது, தேங்காய் எண்ணெயில் இரண்டும் இல்லை. செடி தன் விதையைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். செக்கெண்ணெயில் இயற்கையாக உள்ளது அப்படியே இருக்கும். சுத்திகரித்ததில் கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் அடுப்புப் பக்கத்திலும் வெயிலிலும் வைக்காதீர்கள். மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். எண்ணெயைக் கூட்டுவதைவிட ஒரு கைப்பிடி வேர்க்கடலை தின்றால் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். பீச் ரோட்டில் பொட்டலமாக விற்பதே போதும். பாதாம் நிறையக் கொடுக்கும், விலைதான்.

அத்தோ கடை, பஜ்ஜி கடை எண்ணெய் கெடுதலா?

அத்தோ எனும் பர்மா நூடுல்ஸைச் சாப்பிடாதே என்று வியாசர்பாடிக்காரர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது, நானும் சாப்பிடுகிறவள். பிரச்சினை அதன்மேல் நொறுக்கிப் போடும் பேஜோ எனும் மொறுமொறு தட்டையும் பொரித்த வெங்காயமும் எந்த எண்ணெயில் பொரிந்தன என்பதுதான். எண்ணெய் கொதிக்கக் கொதிக்க முதலில் செலவாவது அதிலுள்ள வைட்டமின் ஈ. அது தீர்ந்ததும், மேலே எஸ்டர்பாவர் பார்த்த கோடுபோல, கெடுவது வேகமாகும். அப்படிக் கெட்ட கொழுப்பில் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்பட்டுச் சாப்பாட்டுக் கொழுப்பு உருண்டைகளோடு ரத்தத்துக்கு வரும். அதற்கு மேல் ஒரு குளிகையைப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவப் பொருள்கள் (எண்ணெய் கெடும்போது உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. கடையில் அதை அளக்க நம்மால் முடியாது. கறுத்து, கெட்டியாகி, நுரை தள்ளி, சூடேறும் முன்பே புகை வந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். வீட்டில் பொரித்த எண்ணெயை வடிகட்டித் தாளிக்க ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள், மறுபடி மறுபடி பொரிக்காதீர்கள்.

நாங்க தெனம் மத்தி சாப்பிடறோம். மீன் கொழுப்பு சீக்கிரம் கெடும்னீங்களே, பயமா இருக்கு.

பயம் வேண்டாம். சீக்கிரம் கெடும் என்பதால்தான் மீன் எண்ணெய்க் குளிகை செய்பவர்கள் அதிலேயே டோகோஃபெராலைச் சேர்த்துவிடுகிறார்கள். அட்டையில் படித்துப் பாருங்கள். வீட்டில் குழம்பில் வரும் மத்திக்கு, கூடச் சேரும் எண்ணெயும் புளியும் தக்காளியும் கீரையும் போதும். முருங்கைக் கீரையில் வைட்டமின் ஈ நன்றாகவே உண்டு. மீனைப் பச்சையாக வாங்கி அன்றே சமையுங்கள், கருவாடு மஞ்சளடித்துக் காறினால் வாங்காதீர்கள்.

யாருக்குமே குறைபாடு வராதா அப்போ?

நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கு வெறும் உணவுக் குறையால் வருவது அரிது. கொழுப்பு உறிஞ்சப்படாதவர்களுக்கு வரும்: பித்தம் அடைபட்ட குழந்தைகள், கணையக் கோளாறு உள்ளவர்கள். பிறவியிலேயே எல்.டி.எல். உருண்டை செய்யத் தெரியாதவர்கள் உண்டு. கல்லீரல் புரதம் சரியில்லாமல் பிறப்பவர்கள் உண்டு, இவர்களுக்கு நரம்பு பாதித்து நடை தள்ளாடும். இந்தக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஈ உயிர் காக்கும் மருந்து, அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சிவப்பணு உடையும் ரத்தசோகை வந்ததையும் 1960களில் பார்த்தார்கள். சிவப்பணுவின் உறையும் கொழுப்புதான், அங்கேயும் இதே தீதான்.

எனக்கு கல்லீரல்ல கொழுப்புன்னு டாக்டரே இத எழுதிக் குடுத்திருக்காரு. நிறுத்தட்டுமா?

என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய் இல்லாமல், கல்லீரலில் கொழுப்போடு அழற்சியும் உள்ளவர்களுக்குத் தினம் 800 யூனிட், 96 வாரம் கொடுத்த சோதனையில் 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் திசு முன்னேறியது, வெற்று மாத்திரையில் 19 சதவீதம். 2010-ல் வந்தது. காரணத்தோடு, அளவோடு, டெஸ்ட் பார்த்துக் கொடுப்பது வேறு. எவ்வளவு நாள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகர் இருக்கறவங்களுக்கு இது ஸ்பெஷலா வேலை செய்யும்னு வீடியோல பாத்தேன்.

அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தில் 2-2 என்ற மரபு வகை உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு, 400 யூனிட் இதயப் பாதிப்பைக் குறைத்ததாக இஸ்ரேலில் 2008-ல் ஒரு சோதனை வந்தது. அந்தப் புரதம் சிதறிய ஹீமோகுளோபினைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்வது, 2-2 வகை அதை அவ்வளவு நன்றாகச் செய்யாது. ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு அவிழ்ந்து நின்றால் தீ மூட்டும், எஸ்டர்பாவரின் செம்புபோல. அதனால் யோசனை சரியாகவே இருக்கிறது. ஆனால் இந்த வகை தெரியாமல் சர்க்கரை உள்ள எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. வீடியோவில் அந்த 2-2 பற்றி ஒரு வார்த்தை வந்ததா? என்னிடம் காட்டிய எதிலும் வரவில்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை கூட இதையும் சேத்துப் போட்டா டபுள் பலன்தானே?

2001-ல் 160 இதய நோயாளிகளிடம் பார்த்தார்கள். சிம்வாஸ்டாட்டின், நியாசின் என்ற கொலஸ்ட்ரால் மருந்துகளை எடுத்தவர்களில் ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்து எடுத்தவர்களுக்கு நல்ல எச்.டி.எல். உயர்வு மட்டுப்பட்டது, பலனும் குறைந்தது. டபுள் இல்லை.

மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசம், வைட்டமின் ஈ ரிப்போர்ட்ல குறைஞ்சுபோச்சு. கொலஸ்ட்ரால் மாத்திரைதான் தின்னுடுச்சு போல, நிறுத்திடவா?

எட்டு மாதம் நிறுத்தியவருக்கும் குளிகைமேல் இருந்த நம்பிக்கையோடு இந்தப் பயமும் இருந்தது. முதல் பதிலுக்குத் திரும்பிப் போவோம். வைட்டமின் ஈ ரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை, எல்.டி.எல். போன்ற உருண்டைகளில் ஏறித்தான் வருகிறது. உருண்டைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஏறி வரும் மொத்த வைட்டமின் ஈயும் குறையும். பஸ் குறைந்தால் வந்து இறங்குபவர்கள் குறைவதுபோல. ஒவ்வொரு உருண்டைக்கும் உள்ள காவலர்கள் அப்படியேதான் இருப்பார்கள். காப்பாற்ற வேண்டிய கொழுப்பும் குறைந்துவிட்டது.

அதனால் வைட்டமின் ஈ அளவைத் தனியாகப் படிக்கக் கூடாது, கொலஸ்ட்ராலால் வகுத்துப் பார்க்க வேண்டும். மறுபக்கமும் உண்டு: கொலஸ்ட்ரால் 300 உள்ளவருக்கு வைட்டமின் ஈ அதிகமாகக் காட்டும், அதைப் பார்த்து நிம்மதியடையக் கூடாது. எங்கள் ரிப்போர்ட்டில் அந்த விகிதம் அச்சாகி வராது. இரண்டு தாளையும் கொண்டு வாருங்கள், பின்பக்கம் பேனாவால் போட்டுத் தருகிறேன். அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள், அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.